ஐஸ் கடையில் மாத்திரை

காசநோய் மையத்தின் அலுவலர் என் அம்மாவைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "அவங்க ஒத்துழைக்க மாட்டாங்க." பலமுறை மருந்துக்கு வரவில்லையாம். இப்படியே போனால் பெயரை அடித்துவிட வேண்டியதுதான் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போது நான் மருத்துவக் கல்லூரி மாணவி. சிகிச்சை தோற்பதற்கான காரணங்களை வகுப்பில் ஒப்பித்தவள். முதல் காரணம் நோயாளியின் அறியாமை. அந்த வகுப்பை எடுத்த ஆசிரியரே இன்னொரு நாள் கொஞ்சம் பொருளாதாரமும் நடத்தினார். ஓர் இடத்தில் செலவழிக்கும் நேரத்தால் வேறெங்கோ எதை இழக்கிறோமோ, அதுதான் அந்த நேரத்தின் உண்மையான விலை என்றார். இரண்டு பாடங்களையும் அவரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

அம்மா விடிவதற்கு முன்பே காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நிற்பாள். எடுத்த மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டு டோல்கேட் பக்கத் தெருக்களுக்குக் கூடையைத் தூக்கிப் போவாள். மையம் திறக்கும் நேரமும் வீடுகளில் குழம்புக்கு மீன் வாங்கும் நேரமும் ஒன்று. வெயில் ஏறிவிட்டால் அதே மீனைப் பாதி விலைக்குக் கேட்பார்கள். மாத்திரை இலவசம்தான்; அதை மையத்துக்குப் போய் விழுங்க அவள் ஒரு நாள் வியாபாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

வரமாட்டேன் என்று அவள் சொன்னதே இல்லை. "மீனு எனக்காவ காத்துகினு கெடக்குமாடி?" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் காசநோய்ச் சிகிச்சை விதிமுறைப் புத்தகத்தோடு அலுவலர் முன்னால் போய் நின்றேன். நோயாளி மருந்து விழுங்குவதை ஒருவர் பார்க்க வேண்டும், குடும்பத்தார் அல்லாத பொறுப்பான எவரும் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் உடைத்து விற்பவரிடம் மருந்தைக் கொடுங்கள் என்றேன்.

"ஐஸ்காரன்கிட்டயா? விளையாடுறியா?"

"அவர்கிட்ட போகாம எங்கம்மாவால மீன் விக்க முடியாது சார். உங்ககிட்ட வராம விக்க முடியும்."

அதிகப்பிரசங்கி என்று முணுமுணுத்தார். "ஆமா சார்" என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கிளப்ப வேறு வழி தெரியாமல் சாயங்காலம் சம்மதித்தார்.

ஐஸ்காரர் பொறுப்பைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டார். "மாத்திர உள்ள போனாத்தான் ஐஸு வெளிய வரும்" என்று கூட்டத்துக்கு நடுவே கத்துவார். "கம்முனு கெடய்யா" என்று திட்டிக்கொண்டே அம்மா விழுங்குவாள்.

கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அலுவலர் முதல்முறையாக அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணு டாக்டருக்குப் படிக்குது. அதனால பொழச்சீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை.

"ஏலத்துல என் பக்கத்துல கூடை வெக்கிறவளும் இருமிகினுதான் கீறா சார். அவ பொண்ணு எறா உரிக்கிற கம்பெனில வேல செய்யுது. அவ சாவணுமா?"