வாசற்படிக்கு உள்ளே

ஒலிவாங்கியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுகிறார் ஒட்லாவ். முதல் தட்டு இருமுகிறவர்களுக்கு, இரண்டாவது படம் எடுக்கிறவர்களுக்கு என்பது அவர் கணக்கு. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் இருநூறு பேரையும் ஒரு முறை பார்க்கிறார்.

"இந்தப் பள்ளத்தை ஆறு வெட்டுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. ஆறு வெட்டினா பள்ளம் அடியில கூரா இருக்கும். இது பனி வெட்டினது. அதான் தொட்டி மாதிரி கிடக்கு."

அந்தப் பெண்மணிக்கு வயது அறுபத்தொன்று. ஸ்வெல்நெஸ் துறையிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த ஃபியோர்டின் கடைசி மூலைவரை போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பலில் பத்தொன்பது கோடைகளாக அறிவிப்பாளர். சீட்டுக் கிழிப்பதும், குமட்டுகிறவர்களுக்குக் காகிதப் பை நீட்டுவதும் அவரேதான். அவர் பேச்சு தினமும் கொஞ்சம் மாறும். ஒன்றரைக் கிலோமீட்டர் கனமுள்ள பனி, அடிவயிற்றில் பாறைகளைக் கவ்விக்கொண்டு கடலை நோக்கி ஊர்ந்த கதையை ஒரு நாள் உப்புத்தாள் என்பார், ஒரு நாள் அரம் என்பார். பாதி மலையிலிருந்து குதிக்கும் அருவிகளுக்கு மட்டும் எப்போதும் ஒரே விளக்கம்: "பெரிய பனி ஆழமா தோண்டிட்டுப் போயிருச்சு. பக்கத்துல வந்த பொடிசுகளுக்கு அவ்வளவு தெம்பில்ல. அதுங்க தோண்டின பள்ளம் அந்தரத்துலயே நின்னுபோச்சு."

இவ்வளவு அழகு எப்படி வந்தது என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. "மலையைக் கிழிச்ச காயம் இன்னும் மூடல. அதான் கண்ணை எடுக்க முடியல" என்பார். கேட்டவர் சிரிப்பார். ஒட்லாவ் சிரிக்க மாட்டார்.

அந்தக் கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். கடந்துபோகும் படகு எதுவானாலும் கையசைப்பார்கள். படகில் இருப்பவர்களும் பதிலுக்கு அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். எட்டு வருடமாக ஒட்லாவ் அசைப்பதில்லை. "உன் கையை என்ன ஆணியடிச்சா மாட்டியிருக்கு?" என்று மாலுமி ஸ்டைனர் சீண்டுவார். "நீ சக்கரத்தைப் பிடி, கையை நான் பாத்துக்கறேன்" என்று பதில் வரும்.

மூன்றாவது அருவி தாண்டியதும், யாரும் சொல்லாமலே ஸ்டைனர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கிறார். இரண்டு பக்கச் சுவர்களும் அங்கே நெருங்கி வருகின்றன. காற்று நின்றுவிடுகிறது. மலை நீருக்குள் தலைகீழாக இறங்கி நிற்கிறது. சற்று உற்றுப் பார்த்தால் கப்பல் அந்தரத்தில் தொங்குவதுபோல் தோன்றும். "இங்க ஆழம் நானூத்தி எழுபது மீட்டர். கீழ..." என்று தொடங்கும் ஒட்லாவ், அங்கேயே ஒலிவாங்கியை அணைத்துவிடுவார். அருவியின் எதிரொலியைக் கேட்கச் சொல்கிறார் என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். நல்ல வெயிலில் இருநூறு பேர் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள்.

கீழே ஒட்லாவின் கணவர் ஹல்வார் இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் மதியம், மலை உச்சியிலிருந்து சுவர் சரிந்ததுபோல் காற்று விழுந்தது. அவரது இறால் படகு அதே இடத்தில் மூழ்கியது. அந்த ஆழத்துக்கு முக்குளிப்பவர்களால் போக முடியவில்லை.

இந்த வசந்தத்தில் கடல்நீரைச் சோதிக்க வந்த மாரித் என்ற ஆய்வாளர், கேமரா ஒன்றைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினார். பிறகு ஒட்லாவின் சமையலறையில் உட்கார்ந்து, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "படகு நிமிர்ந்து நிக்குது. சாயம்கூட உரியல. நேத்து இறங்கினது மாதிரி இருக்கு. அறைக் கதவு சாத்தியிருக்கு."

காரணத்தையும் சொன்னார். பனி உருகிப் பின்வாங்கியபோது, சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் ஃபியோர்டின் வாயில் கொட்டிவிட்டுப் போனது. அது வாசற்படிபோல் குறுக்கே கிடக்கிறது. அதன்மேல் நீர் முப்பது மீட்டர்தான். கடல் அந்தப் படியேறி அடிவரை வருவதில்லை. அடியில் தங்கிய நீர் அசைவதில்லை, அதில் உயிர்க்காற்று இல்லை. மரத்தை அரிக்கப் புழு இல்லை. எதையும் தின்ன எதுவும் இல்லை.

படங்கள் இருந்த உறையை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தார் ஒட்லாவ். பிரிக்கவில்லை.

அதே அசையாத நீர்தான் ஊரைக் கொன்றுகொண்டிருந்தது. வலையில் இறால் இல்லை. சில வசந்தங்களில் அழுகிய முட்டை நாற்றம் மேலே வரும். மறுநாள் கரையெல்லாம் ஹெர்ரிங் மீன்கள் வெள்ளை வயிறு காட்டி ஒதுங்கும். வாசற்படியில் ஒரு வழி வெட்டினால் கடல் உள்ளே வரும், அடிநீர் புரளும் என்றார் மாரித். அப்படி வெட்டித் தரச் சொல்லி ஊர் அரசுக்கு மனு எழுதியது. தொண்ணூற்று மூன்று வீடுகளில் தொண்ணூற்று இரண்டு கையெழுத்திட்டன. கடல் உள்ளே வந்தால் கீழே இருப்பவர் என்ன ஆவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் ஒட்லாவிடம் கேட்கவில்லை. அவர் பெயருக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டு, மனுவை அனுப்பாமலும் வைத்திருந்தார்கள். கடையில் அவருக்கு வாஃபிள் ஒன்று கூடுதலாக வந்தது. மாலுமி அறையில், ஸ்டைனரின் ஃபிளாஸ்குக்கு அடியில் மனு ஐந்து வாரம் கிடந்தது. ஃபிளாஸ்கைத் தூக்கிக் காபி ஊற்றிக்கொண்டு அதே வட்டக் கறையின் மேல் திரும்ப வைப்பார் ஒட்லாவ்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டியின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துவிட்டு, அவர் உறையைப் பிரித்தார். சிவப்புப் படகு. முன்புறம் எழுதிய பெயரைப் படிக்க முடிந்தது. அறைக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ. ஹல்வாரின் மழைக்கோட்டின் கை. அது கண்ணாடியோடு ஒட்டி, தோள் உயரத்தில், மடங்கி நின்றது. அவர் காத்திருக்கும்போது அப்படித்தான் முழங்கையை ஊன்றிக்கொள்வார். ரொட்டி தட்டிலேயே இருந்தது.

கப்பலுக்கு வந்ததும் நேரே மாலுமி அறைக்குப் போனார். ஃபிளாஸ்கை நகர்த்தினார். ஸ்டைனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எட்டு வருஷமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், ஸ்டைனர். விட்டுடட்டும்."

ஸ்டைனர் பேனாவைப் பின்புறமாக நீட்டினார்.

அன்றும் கப்பல் மூன்றாவது அருவியைத் தாண்டியது. இயந்திரம் அடங்கியது. "இங்க ஆழம் நானூத்தி எழுபது மீட்டர். கீழ..." ஒட்லாவ் ஒலிவாங்கியை அணைத்துக் கொக்கியில் மாட்டினார். கைப்பிடிக் கம்பியருகே போய், தலைகீழ் மலையைக் குனிந்து பார்த்தார். வலது கையை உயர்த்தி, துறையில் நின்று வழியனுப்புகிறவரைப்போல, நிதானமாக அசைத்தார்.

கரையில் யாரோ இருக்க வேண்டும் என்று பயணிகள் தேடினார்கள். யாரும் தென்படவில்லை. இருந்தாலும் முதலில் ஒரு சிறுமியும், பிறகு அவள் தந்தையும், பிறகு மேல்தளம் முழுவதும், அந்த அசையாத நீரைப் பார்த்துக் கையசைத்தது.