இரும்பின் மேல் போட்ட பழி

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, போல்ட், பைப்பு, கதவுக் கீல் என்று அப்பா காலத்திலிருந்து ஓடுகிறது. கடையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, காதால் கேட்டே பழகியது. சரக்கைத் திருப்பிக் கொண்டுவருகிற ஆள் பேசி முடிப்பதற்குள், "நம்ம சரக்குல கோளாறு வராதே, மாட்டுன ஆளு யாரு?" என்று கேட்டுவிட வேண்டும். பாதிப் பேருக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். அந்த வாயால் நான் செய்த காரியம் இது. நினைத்தால் இன்னும் கூசுகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆசைப்பட்டு ஒரு பழைய சின்ன மில்லிங் மிஷினை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினேன். சுழலும் கட்டரை வைத்து இரும்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிற மிஷின். கிழடுதான். மேசையைக் கையால் தள்ளினால் லேசாக முன்னும் பின்னும் ஆடும்.

அதற்குக் கட்டர் வாங்கியதில்தான் என் புத்தி தெரிந்தது. எச்.எஸ்.எஸ். என்று ஒரு வகை எஃகுக் கட்டர் உண்டு. மெதுவாக வெட்டும், சீக்கிரம் மழுங்கும், ஆனால் மிஷின் ஆடினாலும் பொறுத்துக்கொள்ளும். கார்பைடு அதைவிடக் கெட்டி. வேகமாக வெட்டும், விலையும் கூடுதல். அதிர்ந்தால் மட்டும் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். போனில் பார்த்த வீடியோக்களில் எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வீடியோக்களில் கார்பைடு போகிற வேகமும் பளபளப்பும்தான் என் கண்ணில் பட்டது. விலை கூடினதுதான் நல்லது என்று ஊருக்கே சொல்லி விற்றவன் நான். எனக்கு வாங்கும்போது வேறு எப்படி யோசிப்பேன்? நாலு கார்பைடு கட்டர் வரவழைத்து, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

இரண்டு தெரு தள்ளி விசைத்தறி ஓட்டுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவருடைய தறியில் சுழலும் தண்டான ஷாஃப்ட் ஒன்று தேய்ந்துபோக, பாலவனத்தத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து இங்கே லேத்துப் பட்டறை நடத்துகிறவர் புதிதாகக் கடைந்து கொடுத்தார். பல்சக்கரம் நழுவாமல் நிற்க அதில் ஒரு காடி வெட்ட வேண்டும். அவரிடம் மில்லிங் மிஷின் இல்லை. அதனால் என்னிடம் அனுப்பினார். அனுப்பும்போது போனில், "எச்.எஸ்.எஸ். போட்டே வெட்டுங்கண்ணாச்சி. உங்க மிஷினுக்குக் கார்பைடு ஆகாது" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எனக்கா சொல்கிறார் என்று இருந்தது.

கார்பைடுதான் போட்டேன். தறிக்கார அம்மா கொட்டகை வாசலிலேயே நின்றார். தறியில் பாதிச் சேலை நிற்கிறதே என்ற கவலை அவருக்கு. முதல் ஓட்டம் வெண்ணெயாகப் போனது. அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது ஓட்டத்தில் மேசை குதித்தது. டக்கென்று ஒரு சத்தம். கட்டரின் பாதி காடிக்குள் கடித்துக்கொண்டு நின்றது. அதைத் தோண்டி எடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஷாஃப்ட் போனது போனதுதான்.

"என்ன சத்தம் அண்ணாச்சி?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. "இரும்பு சரியில்லம்மா. உள்ள கட்டி கட்டியா இருக்கு. எங்கனயோ பழைய இரும்ப வாங்கிக் கடஞ்சிருக்காரு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னாள். நான் ஒரு மனுஷன் பிழைப்பைச் சொன்னேன்.

அடுத்த நாளே அது கடைக்கு வந்தது. போல்ட் வாங்க வந்த தறிக்காரர் ஒருவர் இன்னொருவரிடம், "லேத்துக்காரவுக போடுற இரும்பு சரியில்லையாம்ல. அண்ணாச்சியே சொல்லிட்டாக. நான் வேலைய விருதுநகருக்குக் குடுத்துட்டேன்" என்றார். நான் தராசைப் பார்த்தபடி போல்ட்டை நிறுத்துக் கட்டினேன். இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொல்லவில்லை.

மூன்றாம் நாள் லேத்துக்காரர் புது ஷாஃப்ட்டோடு கொட்டகைக்கே வந்தார். பழையதைக் கேட்டார். கழிவு இரும்புக்கு அடியில் ஒளித்திருந்ததை நானே குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு அரத்தை எடுத்து ஷாஃப்ட்டின் மேல் நாலைந்து இடத்தில் தேய்த்தார். எங்கும் ஒரே சீராகத் தூள் உதிர்ந்தது. நல்ல இரும்பு. பிறகு காடிக்குள் தேய்த்தார். கார்பைடுத் துண்டின் மேல் அரம் வழுக்கிக் கீச்சிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"கட்டர் நானே கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி" என்று சட்டைப் பையிலிருந்து எச்.எஸ்.எஸ். ஒன்றை எடுத்தார். தூரிகையால் எண்ணெய் தொட்டுத் தொட்டு மெதுவாக வெட்டினேன். முக்கால் மணி நேரத்தில் காடி சுத்தமாக விழுந்தது. போகும்போது, "அந்த அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கும் உங்ககிட்டத்தான வரணும். வாரேன்" என்றார்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

சாயங்காலம் தறிக்கார அம்மா வீட்டுக்குப் போனேன். புது ஷாஃப்ட் ஏறித் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில், "தப்பு என் மேலதாம்மா" என்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்தினார். அந்த அமைதியில் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் தெலுங்கில் என்னவோ கேட்டார். அந்த அம்மா தெலுங்கிலேயே சுருக்கமாகச் சொன்னார். அதில் அண்ணாச்சி என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? உங்க பேச்ச நம்பி தெரு முழுக்கச் சொன்னது நான்ல" என்றார் அந்த அம்மா.

"நான் பொய் சொன்னேன்னு சொல்லிருங்கம்மா."

"நா எதுக்குச் சொல்லணும்? நீங்களே வந்து சொல்லுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் தறியை நிறுத்தினார்கள், நான் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். நாலாவது வீட்டில் என் பழைய வாய் தானாகவே திறந்துகொண்டது. "இரும்பு நல்ல இரும்புதான். மிஷினு கொஞ்சம் பழசு, அன்னைக்கு கட்டரும்…" என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் நின்ற அம்மா சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "கட்டரு உங்களுது அண்ணாச்சி. அதையும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னேன். அதற்கப்புறம் இன்னும் ஐந்து வீடு இருந்தது.