மீஞ்சூருக்குள் முடிந்த வேலை

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் மடியில் லேப்டாப். கால் ஆடிக்கொண்டே இருந்தது. தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றின் சரக்கு இருப்பைக் காட்டும் வெப்சைட்டை, ஏஐயிடம் கேட்டுக் கேட்டு, டேட்டாபேஸோடு மீஞ்சூர் வருவதற்குள் முடித்துவிட்டார்.

"இன்னிக்கே குடுத்துடுவீங்களா?" என்றேன்.

"குடுத்தா, கூட வேலை செய்யற ரெண்டு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். மூணு பேருக்கும் ஒரு மாசத்து வேலைன்னு முதலாளி நம்பிக்கினு இருக்காரு. தினம் ஒரு பக்கம் காட்டுவேன்."

"மீதி நேரம்?"

"சும்மா டைப் அடிச்சிக்கினு இருக்கணும். அதான் பேஜாரு."

லேப்டாப்பை மூடிய பிறகும் அதன்மேல் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. கும்மிடிப்பூண்டியில் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். அன்று அவருக்கு வேலையே இல்லை என்பது அந்த பிளாட்பாரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.