காப்பித் தொட்டியடியில் ஒரு ஞாயிறு

பிள்ளைகளே, இன்று உங்கள் அம்மா காப்பிக்கொட்டை வறுத்த வாசத்தில், இலங்கை மலைநாட்டு ஹேவாஹெட்டையில் நான் வளர்ந்த காப்பித் தோட்டமும், தோலுரித்த கொட்டையை வழுவழுப்புப் போக மிதித்துக் கழுவும் தொட்டியும், அங்கே எப்போதும் நின்ற புளித்த மணமும் மிதந்து வந்தன. இப்போது அங்கே தேயிலைதான்.

வேலையில்லாத ஞாயிறுகளில் எங்கள் சனங்கள் அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார, மனிதர் எல்லாரும் பாவிகள், இரட்சிப்பு வேண்டியவர்கள் என்று, தோட்டங்களுக்கு வேதம் சொல்ல வரும் உபதேசியார் பேசுவார்.

"அப்ப தொரையும் பாவியா?" என்று கங்காணி ஒருநாள் கேலி பண்ண, எல்லாரும் சிரித்தார்கள்.

"தொரையும்தான் கங்காணி, நானும்தான்" என்றார் உபதேசியார்.

என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கிய மன்னாரிலிருந்து தோட்டத்துக்கு நடந்து வந்தபோது, காய்ச்சலில் விழுந்த தங்கைக்காகக் கூட வந்த கூட்டம் நிற்காததால், அவளைக் காட்டுப்பாதையிலேயே விட்டுவந்தவள் அம்மா.

"கூடப்பொறந்தவள விட்டுட்டு வந்தவளுக்கும் மன்னிப்பு இருக்குங்களா சாமி?"

"இருக்கும்மா. அப்படிப்பட்டவங்களுக்காகத்தான் இயேசுசாமி உசிரக் குடுத்தாரு."

அம்மா, நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் அதுவரை யாரும் சொல்லியிராத ஒரு பெயரை, "பூவாயி, பூவாயி" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.