பிழையான பக்கத்தில் நின்று போட்ட சண்டை

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில், ரொறன்ரோவிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. வாடகைக் கார் எடுத்து, நாட்டுப்புறத் தெருக்களில் நானே ஓட்டினேன். தினமும் ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒஷாவா நகருக்கு வேலைக்குக் கார் ஓடுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு தெருவா என்ற எண்ணம்.

மூன்றாம் நாள் காலை, ஒரு சிறு கிராமத்தில் பெற்றோல் அடித்துவிட்டுப் புறப்பட்டோம். தெருவில் வேறு வாகனமே இல்லை. கொஞ்சத் தூரத்தில் அம்மா தொடங்கினார்.

“பிள்ளை, நேற்று மற்றப் பக்கத்தாலையெல்லோ போனனாங்கள்?”

“அம்மா, லைசன்ஸ் உங்களிட்டையோ என்னட்டையோ இருக்கு?”

“லைசன்ஸ் இல்லாட்டியும் கண் இருக்கு.”

“சும்மா இருங்கோ. உங்களுக்கு உது விளங்காது.”

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வளைவில் ஓர் உழவு இயந்திரம் நேரே எங்கள்மேல் வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். அதை ஓட்டிவந்த மனிதர் சட்டென்று ஒடித்து, தெருவோரக் கல்மதிலில் உரசிக்கொண்டு நிறுத்தினார். இடையில் ஒரு முழம்கூட இல்லை.

எனக்கு வந்த கோபம்! கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன். கண் தெரியாதா, வளைவில் பிழையான பக்கத்தால் வருகிறீரே, உள்ளே என் அம்மா இருக்கிறார், எங்களைப் பார்த்தால் மனிதர்களாகத் தெரியவில்லையா? பல்கலைக்கழகத்தில் படித்த ஆங்கிலம் முழுவதையும் அவர்மேல் கொட்டினேன். வயதானவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, “இந்த நாட்டில் நாங்கள் இடப்பக்கமாகத்தான் ஓடுகிறோம்” என்றார், தானே பிழை செய்தவர்போல.

கனடாப் பழக்கத்தில் வலப்பக்கமாக வந்தது நான்தான்.

அதற்குள் அம்மா இறங்கி அவரிடம் போயிருந்தார். மதிலில் உரசிய முழங்கையில் இரத்தம். அம்மா தன் லேஞ்சித் துணியால் கட்டிவிட்டு, “பிள்ளை படிச்சவள் ஐயா, கோவிக்காதேங்கோ” என்று தமிழிலேயே சொன்னார். அவரும் விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. ரொறன்ரோவுக்குத் திரும்பியபின் சொந்தக்காரர்கள் வந்தால் அம்மா அந்த ஊர் மலையைச் சொல்லுவார், செம்மறிகளைச் சொல்லுவார். இதை மட்டும் சொல்லமாட்டார். ஒருநாளாவது சொல்லிச் சிரித்திருந்தால் என்மேல் எனக்குள்ள கோபம் ஆறியிருக்கும். ‘உனக்கென்ன தெரியும்’ என்று எவர் கேட்டாலும் சண்டைக்குப் போகிறவள் நான். அதையே என் தாயிடம் அவ்வளவு சுலபமாகச் சொன்ன அந்தப் படித்த பெண்ணை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.