யாரும் அணியாத பேட்ஜ்

திங்கள், காலை 7 மணி. புது டெல்லி ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம்தான் இருந்தது. சென்னையிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். இரண்டு இரவு ஸ்லீப்பரில் உருண்டு வந்த உடம்பு, தரையில் நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. பதினைந்து ரூபாய் கொடுத்து ஒரு டீ குடித்தேன். எதிரே நடந்து வந்தவர்கள் முதலில் இருமலாக வந்து, பிறகு நிழலாகி, கிட்டே வந்ததும் ஆளானார்கள்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவன். நம் நாட்டில் கதிர்வீச்சை மேற்பார்வை செய்யும் அதிகாரிகள் தங்கள் வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று வந்து பார்க்கும்படி, வேறு நாட்டு அதிகாரிகளை நாமே அழைத்திருந்தோம். அவர்களிடம் பேசச் சிறிய மருத்துவமனைகளிலிருந்து கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

என் தோள்பையில் ஒரு துணிப்பை. அதற்குள் எங்கள் பிரிவின் பேட்ஜ்கள். எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் சிறிய அட்டைகள் அவை. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து அளக்க வேண்டும். போன முறை தபாலில் எங்கோ கிடந்து தாமதமானதால், ஜனக்புரியில் இருக்கும் ஆய்வகத்தில் நானே நேரில் கொடுப்பதாகச் சொல்லி எடுத்து வந்தேன்.

அதில் ஒன்று மல்லிகா அக்காவுடையது. எக்ஸ்ரே டெக்னீஷியன், ஒப்பந்த வேலை, ஐந்து மாதக் கர்ப்பிணி. போன காலாண்டில் அவருடைய பேட்ஜ் அதிகமாகக் காட்டிவிட்டது. எக்ஸ்ரே அறைக்குள் தொங்கும், கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியிலேயே பேட்ஜை விட்டுவிட்டு வந்துவிட்டதாகவும், பட்டது அட்டைமேல்தான், தன்மேல் இல்லை என்றும் சொன்னார். மேலே இருப்பவர்கள் நம்பவில்லை. இந்தக் காலாண்டின் நடுவில் அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். இந்த முறையும் ஏறியிருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று வாய்மொழியாகச் சொல்லியும் விட்டார்கள்.

மெட்ரோ நிலையத்தில் ஒவ்வொரு பையும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். வரிசையில் நின்றபடியே துணிப்பையைத் திறந்து ஒரு பேட்ஜை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்குக் கன்ட்ரோல் பேட்ஜ் என்று பெயர். அதை யாரும் அணிவதில்லை. எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்கு வெகுதூரத்தில், சூப்பரின்டென்டென்ட் அறை பீரோவில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 'இதன்மேல் கதிர்வீச்சு படக்கூடாது' என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொள்வது என் பழக்கம். சென்னை சென்ட்ரலிலும் அப்படித்தான் அதை எடுத்துக் கையில் பொத்திக்கொண்டு, மற்றவற்றை இயந்திரத்துக்குள் அனுப்பினேன்.

லோக் கல்யாண் மார்க்கில் இறங்கி, எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசி, சாணக்யபுரியில் இருக்கும் நம் மாநில விருந்தினர் இல்லத்துக்குப் போனேன். அகலமான சாலைகளில் தூதரகங்களின் கொடிகள் பனியில் நனைந்து, எந்த நாட்டுக்கொடி என்று தெரியாமல் தொங்கின. தூக்கக் கலக்கத்தில் உலகமே ஒரே தெருவில் குடியிருப்பதுபோலத் தோன்றியது.

காலை 11 மணி. கூட்டம் லோதி தோட்டத்துக்கு அருகே ஓர் அரங்கில். அங்கேயும் வாசலில் இயந்திரம் இருந்தது. அங்கேயும் கன்ட்ரோல் என் சட்டைப்பைக்கு ஏறியது. உள்ளே நீள மேசை. நான் எதிர்பார்த்தது பாராட்டும் பொன்னாடையும். நடந்ததோ வேறு. ஒரு நாட்டுக்காரர் எழுந்து, தங்கள் ஊரில் பழைய கதிர்வீச்சுக் கருவி ஒன்று காணாமல் போய், பழைய இரும்புக் கடையில் கிடைத்த கதையைச் சொன்னார். அடுத்தவர் தங்கள் ஊர்ப் பிழையைச் சொன்னார். நம் அதிகாரிகளும் சொன்னார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் எடுத்துவிட்டுப் பிழையை மட்டும் எல்லா நாடுகளுக்கும் அனுப்புவார்களாம். தபால் முத்திரை இல்லாத கடிதங்கள்போல அவை கடல்களைத் தாண்டிப் போவதைக் கண்ணைத் திறந்தபடியே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

தேநீர் இடைவேளையில் நம் தரப்பு அதிகாரி கோமதி மேடம் என்னிடம் வந்தார். பூர்வீகம் திருநெல்வேலி, டெல்லிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். கூட வந்தவர் கென்யாவில் இதே வேலை பார்க்கும் வாஞ்சிரு. இருவரும் ஒரே தட்டில் இருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"பேட்ஜ் கொண்டுட்டு வந்திருக்கீங்களாமே தம்பி, எப்படிக் கொண்டு வந்தீங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன். கன்ட்ரோலை எப்படியெல்லாம் காப்பாற்றினேன் என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். கோமதி மேடம் அதை ஆங்கிலத்தில் சொல்ல, வாஞ்சிரு மெல்லுவதை நிறுத்தினார்.

"அட, என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார் கோமதி மேடம். "அது ஆஸ்பத்திரில இருக்கற வரைக்கும்தான் தனியா இருக்கணும். கிளம்பிட்டா எல்லாத்தோடயும் சேர்ந்து வரணும். வழியில எது பட்டாலும் அது மேலயும் படணும். அப்பத்தான அதைக் கழிச்சுட்டு, மிச்சம் ரூமுக்குள்ள பட்டதுன்னு சொல்ல முடியும்?"

வழியில் பட்டதெல்லாம் இனி மல்லிகா அக்காவின் கணக்கில். அவர் கதையைச் சொன்னேன்.

"ரொம்பச் சின்ன அளவுதான். அளக்கற மிஷினுக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றார் மேடம். "ஆனா ஏற்கெனவே ஒருதரம் மாட்டினவங்க. சின்னதுன்னு நாம சொன்னா யாரு நம்புவா?"

"இன்னிக்கே கன்ட்ரோலை மட்டும் பையில போட்டு, அதே மாதிரி இயந்திரத்துல விட்டு எடுத்துடறேன் மேடம்."

மேடம் மொழிபெயர்த்ததும் வாஞ்சிரு சிரித்துவிட்டார். தங்கள் ஊரிலும் ஒருவர் அப்படிச் சரிசெய்யப் பார்த்தார், கடைசியில் எது எத்தனை முறை போனது என்று அவருக்கே தெரியவில்லை என்றார். "நடந்ததை நடந்தபடி ஆய்வகத்தில் சொல்லுங்கள். நாளை நாங்களும் வருகிறோம். நாங்கள் பார்வையிட வேண்டிய பட்டியலில் அந்த ஆய்வகமும் இருக்கிறது."

மாலையில் மல்லிகா அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நான் டெல்லி பாக்கலன்னாலும் என் பேட்ஜ் பாத்துடுச்சு" என்றார். "சரி, தம்பி. வாய்க்கு வந்ததச் சொல்லாம உள்ளதச் சொல்லு."

செவ்வாய், காலை 10 மணி. ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசல். கோமதி மேடம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டிருந்தார். மகள் போனில் இந்தியில் ஏதோ கேட்க, இவர் தமிழில் திட்டிவிட்டு வைத்தார்.

"அவ பிறந்ததுலேர்ந்து ஜனக்புரி. ஆபீசுக்கு வந்து ஏன் முருங்கைக்காய் தூக்கறேன்னு கேக்கறா. சாம்பார் மட்டும் வேணுமாம். வாங்க, ஜல்தி."

மெட்ரோ வாசலில் மேடம் துணிப்பையைத் தனியே எடுத்து, அடையாள அட்டையை நீட்டி, இதைக் கையால் சோதியுங்கள் என்று காவலரிடம் இந்தியில் கேட்டார். இளைஞர்தான். அட்டையை முழுதும் படித்தார்.

"மேடம், இந்த மஷீனால யாருக்கும் ஆபத்தில்லன்னு எழுதி ஒட்டியிருக்கு பாருங்க. அதை ஒட்டச் சொன்னதே உங்க ஆளுங்கதானே?"

பின்னாலிருந்த வரிசை சிரித்தது. மேடம் அவரையும் ஒட்டியிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சா பையா, நீங்க சொல்றதுதான் சரி" என்றார்.

என் பக்கம் திரும்பினார். "கன்ட்ரோலை எடுங்க."

கொடுத்தேன். துணிப்பைக்குள் மற்றவற்றோடு போட்டு முடிச்சுப் போட்டார். வாஞ்சிரு தன் கைப்பையையும் அதை அணைத்தாற்போல வைத்தார். பேட்ஜ்களும் கைப்பையும் முருங்கைக்காயும் ஒன்றாக அந்த இருண்ட வாய்க்குள் போயின. திரையில் முருங்கைக்காய்கள் எலும்புகளைப்போல நகர்ந்தன.

"இப்போதுதான் சரி" என்றார் வாஞ்சிரு.

பிக்காஜி காமா பிளேஸ் தாண்டி வண்டி நிலத்தடியிலிருந்து மேலே வந்தது. இருபுறமும் வெள்ளை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் கறுப்பாக மிதந்தன. எதிரே அமர்ந்திருந்த இருவரும் நைரோபியின் சாலைகளையும் டெல்லியின் சாலைகளையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த ஊரைச் சொல்கிறார் என்று எனக்கு நடுவில் பிடிபடாமல் போனது. ராஜௌரி கார்டனில் வண்டி மாறி ஜனக்புரி.

ஆய்வகத்தில் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எங்கே தனியாக எடுத்தேன், எங்கிருந்து சேர்ந்து வந்தது என்று என் வாயாலேயே சொல்லச் சொன்னார். என் பிழையை ஊர் பேர் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா என்று வாஞ்சிரு கேட்டார். தலையசைத்தேன். பேட்ஜுடன் மருத்துவமனைகளுக்கு வரும் குறிப்பில், கன்ட்ரோலை வழியில் பிரிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மேடம் சொன்னார். இரண்டு பேரும் அங்கேயே நின்று அந்த வரியைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள்.

புதன், மாலை 4 மணி. திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது கோமதி மேடத்தின் போன்.

"உங்க அக்காவோடது பதிவு பண்ற அளவுக்கும் கீழ. எல்லாருதும் அப்படித்தான். நீங்க சொன்னது ரெண்டு வரியா ரிப்போர்ட்ல இருக்கு. நிம்மதியா போங்க."

உடனே மல்லிகா அக்காவை அழைத்தேன். வண்டி நகர ஆரம்பித்தது. மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"உன் தப்பும் அதுல எழுதியிருக்கா?"

"இருக்குக்கா. ரெண்டு வரி."

"நல்லது. போன தடவை நான் சொன்னதுக்கு அந்த ரெண்டு வரி கெடைக்கலையே, தம்பி."

அந்த நீள மேசை நினைவுக்கு வந்தது. நாடுகள் தங்கள் பிழைகளைக் கூச்சமில்லாமல் வைத்த மேசை. எங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு மேசை இல்லை. அவர் சொன்னதை நானும் தலையாட்டிக் கேட்டேனே தவிர, எங்கும் எழுதி அனுப்பவில்லை. வெளியே பனி இறங்கி, நான் வந்தபோது போலவே ஊர் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மல்லிகா அக்காவின் போன காலாண்டுக் கணக்கை மறுபடியும் பார்க்கச் சொல்ல என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, மதுரா வருவதற்கு முன்பே கோமதி மேடத்தைத் திரும்ப அழைத்தேன்.