அண்ணன் குரலில் வந்த போன்

சின்ன வயசுல பார்த்துப் பயந்த கொலைகார ரோபோ படங்களோட தொடர்ச்சியா இப்ப ஒரு சீரிஸ் வருதுல்ல, அதை ஒரு வாரமா பார்த்துக்கிட்டிருக்கேன். அதுல ரோபோ நம்ம சொந்தக்காரங்க குரல்ல பேசித்தான் கதவைத் திறக்க வைக்குது.

இன்னைக்கு சாயங்காலம் அறந்தாங்கியில ஆவுடையார்கோவில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தெரியாத நம்பர்ல இருந்து போன். பேசினது சிங்கப்பூர்ல இருக்குற அண்ணன் குரல்.

"பாப்பா, அம்மா வீட்டுல தனியாத்தான் இருக்காளா? வாசக்கதவு தொறந்திருக்குமா?"

எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்கலை. அந்த சீரிஸ்ல ரோபோ பேசுற மாதிரியே இருந்துச்சு.

"யாருங்க நீங்க?"ன்னேன். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. கட் பண்ணிட்டேன்.

அண்ணன் நம்பருக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். அம்மா போனை எடுக்கவே இல்லை. பக்கத்து சீட் அக்கா, "ஏம்மா இப்படி வேர்க்குது?"ன்னு தண்ணி குடுத்தாங்க. வாங்கி வச்சுக்கிட்டு மறுபடி அம்மாவுக்கே அடிச்சேன்.

ஸ்டாப்புல இருந்து ஓட்டமா ஓடினேன். கதவு விரியத் திறந்து கிடந்துச்சு.

உள்ள அண்ணன் தோசை சாப்பிட்டுக்கிட்டிருந்தான். சொல்லாம வந்து நிக்கணும்னு டாக்சி டிரைவர் போன்ல பேசினானாம். வாசல்ல நின்னு "அம்மா"ன்னு கூப்பிட்டதுமே அம்மா கதவைத் தொறந்துட்டாளாம். அவன் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

"யாருன்னு பார்க்காம எப்படிம்மா தொறந்தே?"ன்னு அம்மாகிட்ட கேட்டேன்.

"பெத்த பிள்ளை குரல் எனக்குத் தெரியாதாடி?"

குரலை மட்டும் நம்பிக் கதவைத் தொறக்குறாளேன்னு இப்ப நினைச்சாத்தான் பயமே. உங்க வீட்டு அம்மாக்கள் எப்படிங்க?